அறிக்கையில் ‘ஹையாட்டஸ் ஹெர்னியா’ என்று இருந்தால்

எண்டோஸ்கோப்பி முடிந்து, தொண்டையின் மரமரப்பு இன்னும் முழுவதும் நீங்காத வேளையில் நோயாளியின் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. வண்ணப் படங்கள் நான்கைந்து, அவற்றின் கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். அவ்வரிகளுள் நோயாளியும் உடன் வந்தவரும் இனம் கண்டுகொள்ளும் சொல் பெரும்பாலும் ஒன்றே: ஹெர்னியா. மருத்துவரை மீண்டும் காண்பதற்கு முன்பே அத்தாள் கைப்பேசி வழியாக உறவினர்களைச் சென்றடைந்துவிடுகிறது. “சித்தப்பாவுக்கு வந்ததே, அதேதான். வலை வைத்துத் தைத்தார்கள். தள்ளிப்போடக் கூடாது” என்று ஒருவர் சொல்கிறார். ஆகவே அறைக்குள் வந்து அமர்ந்ததும் நோயாளி கேட்கும் முதல் வினா, “ஆபரேஷன் எப்போது, டாக்டர்?” என்பதாக இருக்கிறது.

பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, “தேவைப்படாது” என்பதே. ஆயினும் அந்த ஒரு சொல்லோடு அனுப்பிவிடக் கூடிய செய்தியன்று இது. மிகச் சிலர்க்கு இதே பெயர் வேறொரு பொருளைத் தாங்கி நிற்கிறது. இன்னும் சிலர், ‘நமக்கு ஹெர்னியா இருக்கிறது, அதனால்தான்’ என்று எண்ணிக்கொண்டு இதய வலியையும் இரத்தச்சோகையையும் கவனியாது விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விட்டவர்களைக் காலம் கடந்து காணும்போது எங்களுக்கு ஏற்படும் வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பெயரால் வந்த குழப்பம்

ஹெர்னியா என்பதைத் தமிழில் குடலிறக்கம் என்று வழங்குகிறோம். தொடை இடுக்கிலோ தொப்புளிலோ பழைய தையல் வடுவிலோ தசை நலிந்த இடத்தின் வழியே குடல் புடைத்து வெளிவருவதற்கு அப்பெயர் பொருத்தமானதே. அதனைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம், இருமினால் அது துள்ளுவதையும் உணரலாம். ஹையாட்டஸ் ஹெர்னியாவுக்கு அப்பெயர் சிறிதும் பொருந்தவில்லை. இங்கே இடம் மாறுவது குடலன்று, இரைப்பை. அது கீழே இறங்கவும் இல்லை, மேலே ஏறுகிறது. இருமிப் பார்த்தால் வெளியே ஒன்றும் புலப்படாது. எனவே சித்தப்பாவின் தொடை இடுக்கு ஹெர்னியாவுக்கும் இதற்கும் உறவு பெயரளவில் மட்டுமே. ‘இரைப்பை ஏற்றம்’ என்று யாரேனும் முதலிலேயே பெயரிட்டிருந்தால் பலருடைய உறக்கம் கெடாமல் இருந்திருக்கும் என்று நாங்கள் எண்ணுவதுண்டு.

ஹையாட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குத் திறப்பு, இடைவெளி என்று பொருள். ஹையாட்டஸ் ஹெர்னியா என்னும் பெயரை 1926-ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் ஆக்கெ ஆக்கர்லுண்ட். எக்ஸ்-ரே படங்களில் தாம் கண்டவற்றை அவர் அப்போதே வகை பிரித்துக் காட்டினார். அவ்வகைப்பாட்டின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

எந்தத் திறப்பு, எவ்வாறு விரிகிறது

மார்பறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்பது உதரவிதானம் என்னும் தசைத்திரை. கவிழ்த்த குடைபோல் வளைந்திருக்கும் இத்திரை, நாம் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் கீழே தாழ்கிறது. இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனிக்கும், மேலேறும் பெருஞ்சிரைக்கும், உணவுக்குழாய்க்கும் இதில் தனித்தனி வழிகள் உள்ளன. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் மார்பறையைக் கடந்து, தனக்குரிய திறப்பின் வழியே வயிற்றறைக்குள் சிறிது தொலைவு இறங்கி இரைப்பையோடு இணைகிறது.

அவ்விணைப்பில் இயற்கை இரண்டு காவல்களை அமைத்துள்ளது. உணவுக்குழாயின் கீழ்முனையிலேயே உள்ள சுருக்குத்தசை ஒன்று. வெளியிலிருந்து அதே இடத்தை இறுக்கிப் பிடிக்கும் உதரவிதானத் தசைக்கற்றை மற்றொன்று. குனியும்போதும் இருமும்போதும் வயிற்றில் அழுத்தம் கூடினால் இரண்டும் சேர்ந்து இறுகி, இரைப்பையின் அமிலம் மேலே வாராமல் தடுக்கின்றன.

ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உணவுக்குழாய் சற்றே சுருங்கி, அவ்விணைப்பை மேல் நோக்கி இழுக்கிறது. விழுங்கி முடித்ததும், அதனைச் சுற்றியுள்ள மீள்திறன் கொண்ட பிணைப்புத் திசு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. வயது ஏற ஏற அத்திசு தளர்கிறது. பலமுறை துவைத்த பாவாடையின் எலாஸ்டிக் மீளாது நிற்பதுபோல, மேலே சென்ற இணைப்பு முழுவதும் திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. மார்பறையில் அழுத்தம் குறைவு, வயிற்றறையில் அழுத்தம் மிகுதி. ஆதலின் இரைப்பையை மேலே தள்ளும் விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. உடற்பருமன், பல முறை கருவுற்றிருத்தல், நாட்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குதல், பாரம் தூக்கும் தொழில் ஆகியவை அவ்விசையை இன்னும் பெருக்குகின்றன. உணவில் செய்த ஏதோ ஒரு தவற்றால் இது வந்துவிட்டது என்று தம்மையோ, சமைத்துப் போட்டவரையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இணைப்பு மேலேறிவிட்டால் ஒரே வாயிலில் நின்ற இரு காவலரும் பிரிந்துவிடுகின்றனர். சுருக்குத்தசை மார்பறைக்குள் போய்விடுகிறது, உதரவிதானத் தசை கீழேயே நிற்கிறது. இடையில் சிக்கிய இரைப்பைப் பகுதி ஒரு சிறு தொட்டிபோல் அமிலத்தைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. படுத்தால் அது மேலே வழிகிறது. ஹெர்னியாவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

அறிக்கையின் எண்களைப் படிக்கும் முறை

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் இரண்டு அளவுகள் இருக்கும். முன்பற்களிலிருந்து எத்தனை செ.மீ. தொலைவில் உணவுக்குழாயின் வெளிறிய உட்படலம் முடிந்து இரைப்பையின் சிவந்த உட்படலம் தொடங்குகிறது என்பது முதல் அளவு. பற்கள் போன்ற வளைவுகளோடு காணப்படும் அந்த எல்லையை இசட் கோடு என்பர். உதரவிதானத்தின் இறுக்கம் எத்தனை செ.மீ. தொலைவில் உள்ளது என்பது இரண்டாவது அளவு. இசட் கோடு 36 என்றும், இறுக்கம் 39 என்றும் எழுதப்பட்டிருந்தால் இரைப்பை 3 செ.மீ. மேலேறியுள்ளது என்று கொள்ள வேண்டும்.

2 செ.மீ.க்கும் குறைவான ஏற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குழாய் உள்ளே இருக்கும்போது நோயாளி குமட்டினாலும், இரைப்பையைக் காற்றால் நிரப்பினாலும் அவ்வளவு அசைவு இயல்பாகவே ஏற்படக்கூடும். ஓரிடத்தில் ‘சிறிய ஹெர்னியா உள்ளது’ என்றும், ஆறு திங்கள் கழித்து வேறோரிடத்தில் ‘இல்லை’ என்றும் அறிக்கை வருவதற்குக் காரணம் இதுவே. இரண்டாமவர் தவறிவிட்டார் என்றோ, முதலாமவர் அச்சுறுத்திவிட்டார் என்றோ முடிவு கட்ட வேண்டாம்.

‘லாக்ஸ் எல்.இ.எஸ்.’ என்னும் தொடரும் பல அறிக்கைகளில் காணப்படுகிறது. கீழ்ச் சுருக்குத்தசை தளர்ந்து தோன்றியது என்பது அதன் பொருள். அது பார்த்தவரின் மதிப்பீடு மட்டுமே, தனி நோய் அன்று. வாயிலின் தளர்ச்சியை 1 முதல் 4 வரை படிநிலைப்படுத்தும் ஹில் அளவும் சில அறிக்கைகளில் இருக்கும்.

எங்கள் கண் முதலில் செல்லும் வரி வேறு. உணவுக்குழாயில் அமிலத்தால் புண் உண்டாகியுள்ளதா என்பதே அது. ‘லாஸ் ஏஞ்சலிஸ்’ என்ற பெயரோடு ஏ, பி, சி, டி என நான்கு படிகளில் அப்புண் குறிக்கப்படுகிறது. ‘ஏ’ மிக இலேசானது. சி, டி என்றிருந்தால் மருந்தை நீண்ட காலம் உட்கொள்ள வேண்டிவரும், ஆறிவிட்டதா என மீண்டும் ஒரு முறை எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கவும் வேண்டும். ஹெர்னியாவின் செ.மீ. கணக்கைவிட இவ்வெழுத்து உங்கள் சிகிச்சையை மிகுதியாகத் தீர்மானிக்கிறது. ஹெர்னியாவைப் பற்றிப் பத்து வினாக்கள் கேட்கும் நோயாளிகள் இவ்வெழுத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. இனி கேளுங்கள்.

வழுக்கும் வகையும் உருளும் வகையும்

ஹையாட்டஸ் ஹெர்னியாக்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு வழுக்கு வகையைச் சேர்ந்தவை. இணைப்பும் இரைப்பையின் மேல்நுனியும் ஒருங்கே மேலே வழுகிச் செல்வதும், சில வேளை தாமே கீழே இறங்கிவிடுவதும் இதன் இயல்பு. இதில் இரைப்பை சிக்கிக்கொண்டு அழுகிப்போகும் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்றே கூறலாம். அறிக்கையில் ‘சிறிய வழுக்கு ஹெர்னியா’ என்று மட்டும் இருந்து, உங்களுக்குத் தொல்லை ஏதுமில்லையாயின், சிகிச்சையும் ஏதுமில்லை. ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கவும் வேண்டியதில்லை.

எஞ்சிய சிலர்க்கு இரைப்பையின் ஒரு பகுதி உணவுக்குழாயின் பக்கவாட்டில் உருண்டு மேலேறுகிறது. பெரிதாகிவிட்டால் இரைப்பையில் பாதிக்கு மேல் மார்பறைக்குள் போய்விடுவதும், பெருங்குடலின் ஒரு வளைவு அதனோடு சேர்ந்து செல்வதும் உண்டு. இவ்வகை முதியோரிடம், குறிப்பாக முதிய பெண்டிரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த மார்பு எக்ஸ்-ரேயில், இதயத்தின் பின்னே நீர்மட்டத்தோடு கூடிய காற்றுக் குமிழாக இது வெளிப்படுவதுண்டு. நெஞ்செரிச்சல் இவர்களுக்கு முதன்மையான துன்பமாக இருப்பதில்லை. நான்கு கவளம் உண்டதும் நெஞ்சு அடைப்பது, உணவுக்குப் பின் மூச்சு வாங்குவது, வாந்தி எடுத்தால் மட்டுமே பாரம் நீங்குவது ஆகியவையே இவர்கள் சொல்லும் குறைகள். ‘அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது’ என்று வீட்டார் எளிதாகக் கடந்துபோகும் குறைகளும் இவையே.

நெஞ்சு வலியும் ‘கேஸ்’ என்னும் சொல்லும்

1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பிலிப் அல்லிசன், வழுக்கு ஹெர்னியாவையும் அமில எதுக்களிப்பையும் இணைத்துக் காட்டினார். அதன் பின் நெடுங்காலம் இரண்டும் ஒன்றே என்பதுபோல் கருதப்பட்டன. ஹெர்னியா உள்ள பலர்க்கு எதுக்களிப்பு இல்லை என்பதும், கடும் எதுக்களிப்பு உள்ள பலர்க்கு ஹெர்னியா இல்லை என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. படத்துக்கு மருத்துவம் செய்வதில்லை, துன்பத்துக்கே மருத்துவம் செய்கிறோம் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கூறுவது இதனால்தான்.

உணவுக்குப் பின் மார்பெலும்பின் பின்னே தோன்றி மேலேறும் எரிச்சல், வாய்வரை வரும் புளித்த நீர், கோலமிடவோ பொருளை எடுக்கவோ குனிந்தால் மிகுதல், படுத்தபின் வரட்டு இருமல், காலையில் குரல் கரகரத்தல் ஆகியவை எதுக்களிப்பின் அறிகுறிகள். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் வலியுணர்வைச் சுமந்து செல்லும் நரம்புகள் நெருங்கிய வழியில் செல்வதால், இரண்டின் வலியும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நோயாளியால் மட்டுமன்று, மருத்துவராலும் வெறும் சொல்விளக்கத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாத வேளைகள் உள்ளன.

ஹெர்னியா இருப்பது தெரிந்தவர்க்கு நெஞ்சு வலித்தால் வீட்டில் நடப்பதென்ன? ‘கேஸ்தான்’ என்கிறார் ஒருவர். ஒருவர் ஓமவாட்டர் தருகிறார், மற்றொருவர் சோடா வாங்கி வருகிறார். ஏப்பம் வந்து சற்றே தணிந்ததும் எல்லோரும் உறங்கச் செல்கின்றனர். ஏப்பம் வந்தது என்பதோ, அமில மருந்தால் குறைந்தது என்பதோ இதயம் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. நடந்தாலோ மாடி ஏறினாலோ வரும் வலி, இடது தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி, வியர்வையும் மூச்சுத்திணறலும் கூடிய வலி, இவற்றில் எதுவாயினும் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பே நெஞ்செரிச்சலாகவோ, வயிற்றின் மேற்பகுதி மந்தமாகவோ மட்டும் வெளிப்படலாம். 108-ஐ அழைத்து வந்து, ஈ.சி.ஜி.யும் இரத்தச் சோதனையும் இயல்பாக இருந்து, ‘கேஸ்தான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். எங்கள் அவசரப் பிரிவில் அதற்காக ஒருவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

காரணம் தெரியாத இரத்தச்சோகை

இப்படிப்பட்ட அம்மையாரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். வயது எழுபதை ஒட்டியிருக்கும். நடந்தால் களைப்பு, முகத்தில் வெளிறல். ஹீமோகுளோபின் 7 என்கிறது சோதனை. இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது, அல்லது இரத்தம் ஏற்றப்படுகிறது. நான்கு திங்களில் மீண்டும் அதே நிலை. ‘வயதானால் இரத்தம் ஊறாது’ என்று அக்கம்பக்கத்தார் முடிவு செய்துவிடுகின்றனர். அது உண்மையன்று. வயது மட்டுமே இரும்புச்சத்தைக் குறைப்பதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது உடலில் சேரவில்லை என்று பொருள்.

பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா அத்தகைய கசிவின் ஓர் இடம். மூச்சுக்கு மூச்சு உதரவிதானம் ஏறி இறங்கும்போது, அதன் விளிம்பு பிடிக்கும் இரைப்பை மடிப்புகள் உராய்ந்து நீளவாக்கில் புண்ணாகின்றன. 1986-ஆம் ஆண்டில் இதை விளக்கிய மருத்துவரின் பெயரால் இவை கேமரன் புண்கள் எனப்படுகின்றன. ஒரேயடியாக இரத்தம் கொட்டுவது அரிது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிவதால் மலத்தில் நிறமாற்றம்கூடத் தெரியாமற் போகலாம். ஹெர்னியாவின் கழுத்துப் பகுதியைத் தேடிப் பார்த்தாலன்றி எண்டோஸ்கோப்பியிலும் இவை கண்ணுக்குத் தப்பிவிடும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் இரும்புச்சத்தும் சேர்ந்து பலர்க்கு இதைச் சரிசெய்கின்றன. அவ்வாறு சரியாகாதவர்க்கு அறுவைச் சிகிச்சை பற்றி எண்ண வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெர்னியா கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்காக இரத்தச்சோகையின் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. அதே வயதில் பெருங்குடலில் புற்றுநோய் இருந்தாலும் இதே கசிவு ஏற்படும். ஆகவே முதியவர்க்குப் பெருங்குடல் சோதனையையும் நாங்கள் கூறுவோம். ‘வயிற்றைத்தான் பார்த்துவிட்டீர்களே, மறுபடியும் எதற்கு?’ என்று மகனோ மருமகளோ கேட்கும்போது, அது செலவைக் கருதிய நியாயமான கேள்வி என்பதை அறிவோம். ஆயினும் இந்த ஒரு சோதனையை விட்டுவிட எங்களுக்கு மனமில்லை. மற்றொன்று: இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வோர்க்கு மலம் கருமையாகப் போவது இயல்பு. தார்போல் ஒட்டும் தன்மையோடும் கெட்ட நாற்றத்தோடும் கருமையாகப் போனால் அது இரத்தமாக இருக்கலாம், உடனே வர வேண்டும்.

உணவும் படுக்கையும்

ஒரு தாள் நிறைய ‘கூடாது’ என்று எழுதித் தருவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அத்தகைய பட்டியல்களால் புளி, மிளகாய், காபி, தக்காளி எல்லாம் விலக்கிவிட்டு உடல் மெலிந்து வருவோரையும் காண்கிறோம். எந்த உணவு உங்களுக்கு எரிச்சல் தருகிறதோ அதை மட்டும் குறையுங்கள். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே வெளியேறும். ஆகவே இரவு பத்து மணிக்கு உண்ணும் பரோட்டாவும் சால்னாவும் பகலில் உண்பதைவிட மிகுந்த தொல்லை தரும். எரிச்சலுக்குக் குளிர்ந்த பால் குடிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அது அப்போதைக்குத் தணிக்கும். ஆனால் பாலிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும். படுக்கப்போகும்போது ஒரு டம்ளர் பால் என்பது எதுக்களிப்பு உள்ளவர்க்கு ஏற்றதன்று.

உணவைவிட நேரமும் கிடக்கையுமே பயன் மிகுந்தவை. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். பகலில் உண்டதும் சாய்வதைத் தவிருங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. வரை உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவது பயன்தராது. உடல் இடுப்பில் மடங்குவதால் வயிற்றின் அழுத்தம் கூடவே செய்யும். பாயில் படுப்போர் ஆப்பு வடிவிலான மெத்தை ஒன்றை முதுகுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை கீழும் உணவுக்குழாய் மேலும் அமைவதால் அமிலம் எளிதில் ஏறுவதில்லை. இடுப்பை இறுக்கும் பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் தளர்த்துவது அற்பமாகத் தோன்றலாம், ஆயினும் பயன் உண்டு. உடல் எடை மிகுந்தவர்க்கு எடை குறைவதைப் போன்ற மருந்து வேறில்லை. ஏறிய இரைப்பை அதனால் இறங்கிவிடாது, எரிச்சல் குறையும்.

சிரசாசனம், ஹலாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களும், வயிற்றை வேகமாக உள்ளிழுக்கும் கபாலபாதியும் தொல்லையைக் கூட்டக்கூடும். நடைப்பயிற்சிக்குத் தடையில்லை. சிறிய ஹெர்னியா உள்ளவர் குடமோ சிலிண்டரோ தூக்கவே கூடாது என்பதுமில்லை. மூச்சை அடக்கி முக்கித் தூக்காமல் இருந்தால் போதும்.

மாத்திரையை உண்ணும் முறை

ஒமேபிரசோல், பாண்டோபிரசோல், ரபிபிரசோல் முதலிய மருந்துகள் இரைப்பையின் அமிலச் சுரப்பிகளை அடக்குபவை. 1988-இல் ஒமேபிரசோல் வழக்கத்துக்கு வந்தபின் உணவுக்குழாய்ப் புண்ணின் மருத்துவமே மாறிவிட்டது. ஆனால் இம்மருந்துகள் உணவால் தூண்டப்பட்டு இயங்கும் சுரப்பிகளையே அடக்க வல்லவை. ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு மாத்திரையும் காபியும், பத்தரை மணிக்கு இட்லியும் என்று வாழ்பவர்க்கு மருந்தின் பெரும்பகுதி வீணாகிறது. ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று வருவோரில் பலருக்கு நாங்கள் மாத்திரையை மாற்றுவதில்லை, நேரத்தையே மாற்றுகிறோம்.

பல திங்கள் உண்டபின் திடீரென நிறுத்தினால் அடக்கி வைக்கப்பட்ட சுரப்பிகள் சில நாள் மிகையாகச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி மீண்டும் தொடங்கி, அப்படியே ஆண்டுக்கணக்கில் உண்போர் உளர். குறைத்துக் குறைத்து நிறுத்தும் முறையைக் கேட்டு அறியுங்கள். கடும் புண் உள்ளவர்க்கு நீண்ட கால மருந்து தேவை, அவர்கள் அஞ்சி நிறுத்த வேண்டாம். பல ஆண்டுகள் உண்போர்க்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவற்றின் அளவைச் சோதிப்பது நன்று. டாம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து உண்பதை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. முதியோர்க்கும் இதய நோயாளர்க்கும் அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடும்.

யாருக்கு அறுவைச் சிகிச்சை

மருந்தை முறையாக உண்டும் எதுக்களிப்பு அடங்காதவர், மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண விரும்பாதவர், பெரிய உருளும் ஹெர்னியாவால் உண்ண இயலாமலும் மூச்சு வாங்கியும் துன்புறுவோர், கேமரன் புண்ணால் மீண்டும் மீண்டும் இரத்தம் இழப்போர் ஆகிய இச்சிலர்க்கே அறுவை. அதற்கு முன் உணவுக்குழாயின் தசையியக்கத்தை அளக்கும் அழுத்தச் சோதனையும், பலர்க்கு 24 மணி நேர அமில அளவீடும் செய்யப்படும். எரிச்சலின் காரணம் அமிலமே என்று உறுதிப்படாமல் அறுவை செய்தால் வடு மட்டுமே மிஞ்சும்.

ஏறிய இரைப்பையைக் கீழே இழுத்து, விரிந்த திறப்பைத் தைத்துக் குறுக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையில் துண்டுபோல் சுற்றித் தைப்பது இச்சிகிச்சை. 1955-இல் இதனை முதன்முதலில் செய்தவர் ருடால்ஃப் நிஸ்ஸன். 1948-இல் ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கியிருந்த பெருந்தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றியவரும் இவரே. சுற்றுவதில் அவருக்கு ஒரு தனித்திறன் இருந்தது போலும்! 1990-களிலிருந்து இது லேப்ராஸ்கோப்பி வழியே சிறு துளைகளில் செய்யப்படுகிறது.

முதல் சில வாரங்கள் விழுங்குவது கடினமாக இருக்கும். குழைந்த சோறு, கஞ்சி, சாம்பாரில் ஊறி உதிர்ந்த இட்லி என்று தொடங்கி மெல்ல மெல்ல மாற வேண்டும். சப்பாத்தி, உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். ஏப்பம் விட இயலாமல் வயிறு உப்புவது சிலர்க்கு நெடுநாள் நீடிக்கும், சோடா பானங்கள் ஆகா. பெரிய ஹெர்னியாவைச் சரிசெய்தபின் சில ஆண்டுகளில் படத்தில் சிறிதளவு மீண்டும் தோன்றுவது அரிதன்று. பெரும்பாலும் அதனால் தொல்லை இராது, மறு அறுவையும் வேண்டியிராது. இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

பெரிய ஹெர்னியா இருந்தும் துன்பம் ஏதுமில்லாதவர்க்கு என்ன செய்வது? முற்காலத்தில் அனைவர்க்கும் அறுவை என்றனர். இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து ஆண்டுக்கு 1 விழுக்காடு அளவே என்று கணக்கிடப்பட்டபின், முதியோரைக் காத்திருந்து கவனிப்பதே பொருத்தம் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. காத்திருப்போரின் வீட்டார் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ திடீரெனக் கடும் வலி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவாராமை, எச்சிலைக்கூட விழுங்க இயலாமை ஆகியவை சேர்ந்து வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு வீட்டு மருத்துவம் இல்லை. விடியட்டும் என்று பாராமல், இரவானாலும் அழைத்து வர வேண்டும். விழுங்குவது நாளுக்கு நாள் கடினமாதல், எடை குறைதல், இரத்த வாந்தி ஆகியவற்றையும் ஹெர்னியாவின் கணக்கில் எழுதிவிடாமல் விரைந்து காட்ட வேண்டும்.

‘இது புற்றுநோயாகுமா?’ என்று வாய்விட்டுக் கேட்போரைவிடக் கேளாமல் அஞ்சுவோர் மிகுதி. ஹெர்னியா புற்றுநோயாக மாறுவதில்லை. பல ஆண்டு எதுக்களிப்பால் சிலர்க்கு உணவுக்குழாயின் உட்படலம் இயல்பு மாறும். பாரெட் உணவுக்குழாய் என்னும் அம்மாற்றம் உள்ளோரில் மிகச் சிலர்க்கே பின்னாளில் புற்று உண்டாகிறது. எண்டோஸ்கோப்பியின்போது ஐயம் தோன்றினால் சிறு திசு எடுத்துச் சோதிப்பதும் அதற்காகவே.

அடுத்த முறை வரும்போது பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையையும், இப்போது உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், மருந்துக்கடையில் தாமே வாங்கியவை உட்பட, எடுத்து வாருங்கள். முதிய நோயாளிகளோடு வருவோர், அவர் உண்ணும் அளவு கடந்த ஆண்டைவிடக் குறைந்துள்ளதா, புடவையோ சட்டையோ தளர்ந்துள்ளதா என்பதையும் பார்த்து வந்து சொல்லுங்கள்.